கடப்பா மேடைக்கு ஒரு பெட்டி டைல்

திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி, புத்தூர், சித்தூர் என்று எல்லையின் இரண்டு பக்கமும், இருபது முப்பது வருடத்துக்கு முன் கட்டிய வீட்டுக் குளியலறையில் வாஷ்பேசின் மேடை என்றால் அது கடப்பா கல்தான். கடப்பாவிலிருந்து ரேணிகுண்டா, புத்தூர், நகரி வழியாக லாரியில் இறங்கும் கல். ஆந்திரப் பக்கத்து மேஸ்திரிகள் நாபராயி என்பார்கள். கறுப்பாக, மலிவாக, ஒரே பலகையாகக் கிடைத்ததால் யாரும் வேறு கல்லைத் தேடவில்லை. இப்போது அந்த மேடைகள் எல்லாம் ஒரே மாதிரி நிற்கின்றன: குழாயைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்பு, நடுவில் சாம்பல் திட்டு, முன்ஓரத்தில் அப்பளம் போல ஏடு பெயர்ந்த பள்ளம்.

கல்லைப் பெயர்த்துவிட்டு கிரானைட் போடலாம். ஆனால் மேடை சுவருக்குள் இரண்டு மூன்று அங்குலம் புதைந்திருக்கும். பெயர்த்தால் சுவர் டைலும் சேர்ந்து போகும், வேலை குளியலறை முழுவதற்கும் பரவும். கல் உறுதியாக இருந்தால் அதன் மேலேயே டைல் ஒட்டுவதுதான் சிக்கனம். கீழே இருப்பது அப்படி ஒரு மேடையின் வேலைக் கணக்கு. அளவு 3 அடி 10 அங்குலம் நீளம், 21 அங்குலம் ஆழம், அதாவது 1168 × 533 மி.மீ. இடதுபுறமும் பின்புறமும் சுவர். வலதுபுறமும் முன்புறமும் திறந்த ஓரம். நடுவில் 22 × 16 அங்குல ஓவல் பேசின், விளிம்பு கல்லின் மேல் உட்காரும் வகை. டைல் ஒரே ஒரு பெட்டி: 2க்கு 2 அடி, நான்கு எண்ணிக்கை.

பேசின் கல்லுக்கு அடியில் ஒட்டிய வகையாக இருந்தால் இந்த முறை அப்படியே பொருந்தாது. டைலின் வெட்டு முனை ஓட்டையைச் சுற்றி வெளியே தெரியும், கையைக் கிழிக்கும். அந்த இடத்தில் விளிம்பு வைத்த பேசினோ, மேடை மேல் உட்காரும் பேசினோ வாங்கிவிடுவது நல்லது.

கல் ஏன் கெட்டது

இதைப் புரிந்துகொள்ளாமல் டைல் ஒட்டினால் இரண்டாவது வருடம் டைலும் எழும்பும்.

கடப்பா கல் சுண்ணாம்புக்கல் இனம். போர் தண்ணீரின் உப்பு படிந்து வெள்ளையானதும், வீட்டில் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றித் தேய்ப்பார்கள். புஸ்ஸென்று நுரைக்கும், பளிச்சென்று ஆன மாதிரி தெரியும். அந்த நுரை அழுக்கு போவதல்ல, கல் கரைவது. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சுண்ணாம்பைத் தின்று கால்சியம் குளோரைடு ஆக்கும். அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணமுள்ளது. மேல் பாலிஷ் போன கல்லின் ஏடுகளுக்கிடையே இந்த ஈரமும் உப்பும் நுழைந்து, காய்ந்து நனைந்து காய்ந்து, ஒவ்வொரு ஏடாகத் தூக்கும். எலுமிச்சை, வினிகர் எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும், கொஞ்சம் மெதுவாக.

இன்னொரு பக்கம், வெளுத்த கல்லைக் கறுப்பாக்க தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம். பார்க்க நன்றாக இருக்கும். டைல் பசைக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை.

ஆகவே வேலையின் பெரும்பங்கு கல்லைத் தயார் செய்வதில்தான் இருக்கிறது. டைல் ஒட்டுவது அரை நாள். கல்லுக்கு ஒன்றரை நாள். மேஸ்திரியைக் கூப்பிட்டால் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கும், கல்லுக்கு அரை மணி நேரம் கூட ஒதுக்க மாட்டார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளவும்.

தாங்குமா என்று முதலில் பார்க்க

ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் கல் முழுவதும் நான்கு அங்குலத்துக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்றால் சரி. டொப்பென்று கேட்கும் இடத்தில் ஏடு பிரிந்திருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போட்டு வைக்கவும்.

அடுத்தது தொங்கல். மேடையின் முன்ஓரத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நூலை இழுத்துக் கட்டி, பேசினுக்கு முன்னால் இருக்கும் ஒடுங்கிய இடத்துக்குப் பக்கத்தில் 20 லிட்டர் தண்ணீர் வாளியை வைத்துப் பார்க்கவும். நூலுக்கும் கல்லுக்கும் இடையில் இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தால் கல் வளைகிறது. புதிதாக ஏறும் டைல், பசை எல்லாம் சேர்த்து இந்த அளவுக்கு சுமார் 15 கிலோ. அது பெரிய பாரம் இல்லை. ஆனால் கல் வளையும், டைல் வளையாது. முதலில் பசை விடும், அல்லது இணைப்பில் விரிசல் வரும். வளைந்தால் கீழே 12 அங்குல இரும்பு எல் பிராக்கெட் இரண்டு போட்டு, பிராக்கெட்டுக்கும் கல்லுக்கும் நடுவே எபாக்சி வைத்து இறுக்கிய பிறகு மற்ற வேலை.

பேசின் ஓட்டையின் மூலையிலிருந்து முன்ஓரம் வரை கல் முழுத் தடிமனுக்கும் பிளந்திருந்தால் இந்த வேலையை விட்டுவிட வேண்டியதுதான். எம்-சீல் வைத்து மூடி மேலே டைல் போட்டால், அதே கோட்டில் டைலும் பிளக்கும்.

கடைசியாக, கதவு. முன்ஓரம் 15 மி.மீ. வெளியே வரும். சின்னக் குளியலறையில் கதவு மேடையை உரசிக்கொண்டு திறக்கும் வீடுகள் நிறைய. கதவைத் திறந்து வைத்து இடைவெளியை அளந்துவிட்டுக் கடைக்குப் போகவும்.

ஒரு பெட்டிக்குள் அடக்கும் கணக்கு

2க்கு 2 டைல் என்று சொல்கிறோமே தவிர அது 600 மி.மீ., இரண்டு அடி என்பது 610. சரியாக 4 அடி மேடைக்கு இரண்டு டைல் போதும் என்று வாங்கிவந்தால், ஓரத்தில் ஒரு விரல் அகலம் கல் பல்லிளிக்கும். வலது ஓரத்தில் நிறுத்தி ஒட்டும் டைல் பட்டையையும் மேல் டைல் மறைக்க வேண்டும் என்பதால் உண்மையில் 25 மி.மீ.க்கும் மேல் குறையும். அப்படிப்பட்ட மேடைக்கு 800 × 1600 அளவில் ஒரே டைல் எடுப்பது உத்தமம். இந்த மேடை 3 அடி 10 அங்குலம் என்பதால் தப்பித்தது.

நடு இணைப்பு பேசினின் மத்தியில் வர வேண்டும். அழகுக்காக மட்டும் இல்லை. ஒரே டைலுக்குள் முழு ஓவல் ஓட்டை போடுவதை விட, இரண்டு டைலிலும் லாட வடிவில் பாதிப் பாதி வெட்டுவது கை கிரைண்டருக்கு எளிது. உடையும் வாய்ப்பும் குறைவு.

இடது டைல் அகலம் 577. 23 மி.மீ. வெட்டி, வெட்டிய முனையைச் சுவர்ப் பக்கம் தள்ளினால் மேலே சுவரோடு நிறுத்தி ஒட்டும் சுவர்ப் பட்டை அதை மறைத்துவிடும். வலது டைலை அகலத்தில் தொடவே வேண்டாம், 600 அப்படியே. இரண்டுக்கும் ஆழம் 544: பின்சுவரிடம் 4 மி.மீ. விட்டு, முன்னால் முன்பட்டையின் (முன்ஓரத்தில் நிறுத்தி ஒட்டும் டைல் துண்டு) தடிமன், பசையோடு சேர்த்து 11ஐ மூடி, அதற்கு மேல் 4 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். டைலின் ஆலை முனை முன்பக்கம், வெட்டு முனை சுவர்ப் பக்கம்.

இதில் ஒரு லாபம் இருக்கிறது. 600இல் 544 போக மிச்சம் 56, பிளேடு தின்றது போக 54. இந்த மேடையின் முன்ஓரத்தில் கல்லுக்கு அடியில் இன்னொரு கல் பட்டை ஒட்டியிருந்ததால் மொத்தத் தடிமன் 40 மி.மீ. அதற்கு 50 மி.மீ. முன்பட்டை வேண்டும். வெட்டி எறியும் துண்டே முன்பட்டை ஆகிவிடுகிறது! கீழே 10 மி.மீ. தொங்குவதால் வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டும், கல்லுக்கு அடியில் ஓடி, மேடைக்குக் கீழே உள்ள அலமாரிப் பெட்டிக்குள் இறங்காது. ஓரம் வெறும் 20 மி.மீ. கல்லாக இருந்தால் 50 மி.மீ. பட்டை ஒட்டக் கூடாது. பிடிமானம் பாதிக்கும் குறைவு, முழங்கால் பட்டால் கையோடு வரும். அங்கே 30 மி.மீ. போதும்.

மூன்றாவது டைலில் 100 மி.மீ. பட்டைகள் ஐந்து, மிச்சம் 90 மி.மீ. ஒன்று. பின்சுவருக்கு இரண்டு, இடது சுவருக்கு ஒன்று, 90ஐ 50 ஆக்கினால் வலது ஓரப் பட்டை. இரண்டு பட்டை உபரி. நான்காவது டைல் உடைவதற்காக. லாட வெட்டில் ஒன்று உடையும் என்று வைத்துக்கொண்டே தொடங்கவும்.

ஒரே பெட்டி என்பதால் கடையில் மூலையில் கிடக்கும் மிச்ச சரக்கைக் கேட்கலாம். முழு வீட்டுக்கு ஆகாத ஒற்றைப் பெட்டிகளைக் கடைக்காரரே குறைத்துத் தருவார். வாங்கும் முன் இரண்டு டைலை முகத்தோடு முகம் வைத்து மூலையை அமுக்கிப் பார்க்கவும். ஆடினால் வளைந்த டைல், வேண்டாம். பளபளப்பு டைலில் சோப்புத் தண்ணீர்க் கறை அப்படியே தெரியும், உப்புத் தண்ணீர் ஊரில் பளபளப்பில்லாத மேட் வகைதான் சரி. பக்கவாட்டைப் பார்த்து, உள்ளுடல் நிறம் மேல் நிறத்துக்கு நெருக்கமாக இருப்பதை எடுக்கவும். முன்ஓரத்தில் டைலின் தடிமனான அந்த 9 மி.மீ. கோடு தினமும் கண்ணில் படும்.

தண்ணீர் குடிக்காத விட்ரிஃபைட் டைல்தான் வேண்டும், செராமிக் சுவர் டைல் வேண்டாம். சுவர் டைலின் உடல் தண்ணீரைக் குடிக்கும், வெட்டிய முனை வழியாக ஈரம் ஏறிப் பூச்சுக்குக் கீழே கறுக்கும்.

மற்ற சாமான்: பாலிமர் கலந்த டைல் பசை 20 கிலோ மூட்டை ஒன்று. பையில் ஐ.எஸ். 15477 என்று போட்டு வகை எண் அச்சிட்டிருக்கும். வகை 1 செராமிக் டைலுக்கு, நமக்கு வகை 2 அல்லது 3. இந்த வேலைக்கு 5 கிலோவுக்கு மேல் ஆகாது, மீதியைக் காற்றுப் புகாமல் கட்டி வைக்கலாம், அல்லது பக்கத்தில் வேலை நடக்கும் இடத்தில் கால் மூட்டை கேட்டு வாங்கலாம். டைல் இணைப்பை நிரப்ப எபாக்சி கிரௌட் 1 கிலோ. நியூட்ரல் வகை சிலிக்கான் ஒரு குழல். 4 அங்குல கிரைண்டருக்கு ஓரம் முழுதாக இருக்கும் வைர பிளேடு, பல் பல்லாக இடைவெளி விட்ட பிளேடு கான்கிரீட்டுக்கு, டைலில் ஓரம் சிதறும். 6 மி.மீ. பல் வைத்த கரணை, டைல்களுக்கு நடுவே இடைவெளிக்கு வைக்கும் 2 மி.மீ. ஸ்பேசர், ரசமட்டம், மூலமட்டம், என்-95 முகக்கவசம். பேசினுக்குப் புது வேஸ்ட் கப்ளிங் (தண்ணீர் இறங்கும் வாய்), பாட்டில் ட்ராப் (அதற்குக் கீழே வரும் புட்டி வடிவ இணைப்பு), 18 அங்குல கனெக்‌ஷன் பைப். விலை கடைக்குக் கடை முன்னே பின்னே இருக்கும். கூலி தனி.

பேசினை எடுத்தல்

பேசினுக்குக் கீழே சுவரில் இருக்கும் திருகு வால்வான ஆங்கிள் காக்கை மூடுவதற்கு முன் மொட்டை மாடித் தொட்டியின் கேட் வால்வை மூடவும். பத்து வருடம் திருகாத ஆங்கிள் காக் மூடின மாதிரி இருக்கும், பைப்பைக் கழற்றியதும் பீறிடும். அல்லது திருகும்போதே உள்ளே உடையும்.

பழைய பேசின்களை வெள்ளை சிமென்ட் வைத்துத்தான் உட்கார வைத்திருப்பார்கள். உளி சுத்தியல் வேண்டாம். ஆக்சா பிளேடை ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து, விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே அறுத்துக்கொண்டே சுற்றி வரவும். அரை மணி நேரம் ஆகும். முழுதும் அறுத்த பிறகு கீழிருந்து கட்டையால் மெதுவாகத் தூக்கினால் வந்துவிடும். அவசரப்பட்டு நெம்பினால் பேசின் குழாய் ஓட்டைக்குப் பக்கத்தில்தான் விரியும், அங்கேதான் பீங்கான் மெல்லிசு.

வேஸ்ட் கப்ளிங்கின் நட்டு துருவேறிப் பிடித்திருந்தால் அதோடு போராட வேண்டாம். கீழே குறுக்காக அறுத்து எடுத்துவிட்டு புதியது போடலாம். போராடி உடைவது பேசினாக இருக்கும்.

கல்லைத் தயார் செய்தல்

சோப்புத் தூளும் வெந்நீரும் போட்டு கம்பி பிரஷால் தேய்க்கவும். எண்ணெய் தடவிய கல்லுக்கு சலவை சோடாவை வெந்நீரில் கரைத்து இரண்டு முறை. ஆசிட் வேண்டாம், மேஸ்திரி வற்புறுத்தினாலும் வேண்டாம். ஏற்கெனவே ஆசிட் குடித்த கல்லாக இருந்தால், வெறும் நல்ல தண்ணீரால் ஐந்தாறு முறை துடைத்து எடுப்பது அவசியம். உப்பு ஏறிய கல் எவ்வளவு காய வைத்தாலும் காலையில் வியர்த்த மாதிரி ஈரமாக இருக்கும். அதுதான் அடையாளம்.

சாக்பீஸ் வட்டம் போட்ட இடங்களில் பட்டை உளியைப் படுக்கை வாட்டத்தில் பிடித்து, எழும்பிய ஏட்டை மட்டும் செதுக்கி எடுக்கவும். நேராக நிறுத்திக் கொத்தக் கூடாது. தரையில் பழைய சிமென்டைக் கொத்தி விடுவது போல இதையும் கொத்தினால், நல்ல ஏடும் பிளந்து, கீழே தாங்கல் இல்லாத கல் மொத்தமாக உடையும்.

பிடிமானத்துக்குக் கிரைண்டரால் கீறல் போடுவதே வழி. மூலைவிட்டமாக 30 மி.மீ.க்கு ஒரு கோடு, பிறகு எதிர் மூலைவிட்டமாக, வைர வைரமாகக் கட்டம் வரும்படி. ஆழம் 1 முதல் 2 மி.மீ. போதும். இந்தத் தூசி பொல்லாதது, கதவை மூடிவிட்டு முகக்கவசத்தோடு செய்யவும், ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும்.

தூசியை ஈரத் துணியால் இரண்டு முறை எடுத்துவிட்டு, சொட்டுச் சோதனை. கல்லில் அங்கங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் விடவும். பரவி இடம் கறுத்தால் எண்ணெய் போயிற்று. தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நின்றால் மறுபடி சோடா. பள்ளங்களை டைல் பசையாலேயே நிரப்பி ஒரு இரவு விடவும். 3 மி.மீ.க்கு மேற்பட்ட பள்ளத்தை டைல் ஒட்டும்போதே நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த இடத்தில் பசை சுருங்கி டைலைக் கீழே இழுக்கும்.

மட்டம் பார்ப்பதும் இந்த இரவுக்கு முன்னால்தான். பின்சுவரிலிருந்து முன்ஓரத்துக்கு 2 மி.மீ. சாய்வு இருந்தால் போதும். பேசின் பக்கம் சாய்க்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். விளிம்பு உயர்ந்த பேசினுக்குள் மேடைத் தண்ணீர் எப்படியும் ஏறாது, விளிம்பைச் சுற்றித் தேங்கும்.

வெட்டு

நேர் வெட்டுகளுக்குக் கை டைல் கட்டர் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் 23 மி.மீ. பட்டையை அது சுத்தமாக உடைக்காது, பாதியில் பிசகும். அதைக் கிரைண்டரில்தான் அறுக்க வேண்டும். அலுமினிய மட்டக்கோலை டைலோடு கிளாம்ப் போட்டு, அதன் ஓரமாக முதலில் 2 மி.மீ. ஆழத்துக்கு ஒரு ஓட்டம், பிறகு முழு ஆழம். கோட்டின் மேல் காகித டேப் ஒட்டிக்கொண்டால் மேல்பூச்சு சிதறாது.

லாட வெட்டுக்கு அளவை எண்ணில் எடுக்க வேண்டாம். பழைய கல்லோட்டை ஒரு நாளும் சுத்தமான ஓவலாக இருக்காது. இரண்டு டைலையும் ஸ்பேசர் வைத்து மேடை மேல் அவற்றின் இடத்தில் பரப்பி, கீழிருந்து டார்ச் வெளிச்சத்தில் பென்சிலால் ஓட்டையின் ஓரத்தை டைலின் அடியில் வரையவும். கல்லோட்டை 520 × 370. டைலில் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக வெட்டவும். பேசின் விளிம்பு 560 × 410, ஆகவே 17 மி.மீ. மறைப்பு மிச்சம் இருக்கிறது. கோடு கொஞ்சம் கோணலானாலும் வெளியே தெரியாது. கோட்டை அட்டையில் நகல் எடுத்து டைலின் முகத்துக்கு மாற்றிக்கொள்ளவும்.

டைலை மணல் பரப்பிய பலகை மேல் வைக்கவும், காற்றில் தொங்கக் கூடாது. இணைப்பு ஓரத்திலிருந்து கோட்டை நோக்கி 15 மி.மீ.க்கு ஒரு வெட்டாகச் சீப்புப் பல் போல அறுத்துக்கொண்டே போய், பற்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக ஒடித்து எடுக்கவும். மிச்சத்தைப் பிளேடின் ஓரத்தால் தேய்த்தால் வளைவு வந்துவிடும். முன்னால் சுமார் 90, பின்னால் சுமார் 75 மி.மீ. அகலத்துக்கு இரண்டு கைகள் நீண்டு நிற்கும், அவைதான் உடையும் இடம். பின்பக்கக் கைக்கு அருகிலுள்ள பற்களைக் கடைசியில் ஒடிக்கவும். வெட்டிய பிறகு டைலை ஒரு கையால் தூக்க வேண்டாம், கதவுப் பலகையைத் தூக்குவது போல நிமிர்த்தி இரண்டு கையால்.

சாதாரணக் கிரைண்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுப்பது ஊர் வழக்கம். ஷாக் அடித்தவர்கள் நிறைய. டைலை முன்கூட்டியே நனைத்து, நிறுத்தி நிறுத்தி அறுத்தாலே பிளேடு சூடேறாது.

முன்ஓரத்தில் 45 டிகிரி சாய்த்து இணைக்கலாமே என்று மேஸ்திரி கேட்பார். கடையில் மெஷினில் செய்தால் அழகு. கை கிரைண்டரில் செய்தால் முனை கத்தி போல மெலிந்து, பித்தளைச் சொம்பு ஒருமுறை பட்டாலே சில்லு போகும். மேல் டைல் முன்பட்டையை மூடியபடி 4 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். இணைப்பு நெட்டுக்குத்தான முகத்தில் வருவதால் தண்ணீர் அதில் நிற்காது. பட்டை மேல் டைலின் முனையை மூடினால் இணைப்பு மேடையின் மேல் வரும், அங்கே எப்போதும் ஈரம். நீட்டிய முனையை 120, பிறகு 220 உப்புத்தாளால் லேசாக உருட்டிவிட்டால் கை அறுக்காது.

ஒட்டுதல்

தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் தூளைக் கொட்ட வேண்டும். தூளில் தண்ணீர் ஊற்றினால் அடியில் கட்டி நிற்கும். பெரும்பாலான பைகளில் நாலுக்கு ஒன்று: 2 கிலோ தூளுக்கு அரை லிட்டர். பையில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. கலக்கி, ஐந்து நிமிடம் ஆற விட்டு, மறுபடி தண்ணீர் சேர்க்காமல் கலக்கவும். இறுகத் தொடங்கியதைத் தண்ணீர் விட்டு இளக்குவது கூடாது. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது, 2 கிலோவுக்கு மேல் ஒரு தடவை கலக்க வேண்டாம். காலை ஏழு மணிக்குள் தொடங்கினால் நல்லது.

விட்ரிஃபைட் டைலை ஊற வைக்க வேண்டாம். அடியில் இருக்கும் வெள்ளைத் தூளை மட்டும் ஈரத் துணியால் துடைக்கவும். அந்தத் தூள் ஆலையில் சூளை உருளையில் ஒட்டாமலிருக்கப் பூசுவது, பசையையும் ஒட்ட விடாது.

கல்லின் மேல் முதலில் கரணையின் சாதா ஓரத்தால் பசையை அழுத்தித் தேய்த்துக் கீறல்களுக்குள் ஏற்றவும். அதன் மேல் இன்னும் கொஞ்சம் போட்டு, பல் ஓரத்தால் ஒரே திசையில் கோடு இழுக்கவும். டைலின் முதுகிலும் மெலிதாக ஒரு பூச்சு. வைத்து, கோடுகளுக்குக் குறுக்காக முன்னும் பின்னும் அசைத்து அமுக்கவும். முதல் டைலை உடனே தூக்கிப் பார்ப்பது கட்டாயம். முதுகு முழுவதும் பசை பிடித்திருந்தால் சரி. கோடு கோடாக வெறும் இடம் தெரிந்தால் பசை தோல் கட்டிவிட்டது, அல்லது அளவு குறைவு. விரலால் தொட்டால் ஒட்டாத பசையைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடவும்.

மூலைக்கு ஒன்று நடுவில் ஒன்று என்று வடை தட்டி வைக்கும் முறை கண்டிப்பாக வேண்டாம். வடைகளுக்கு நடுவே காற்று இருக்கும், பிறகு தண்ணீர் இருக்கும், ஏதாவது விழுந்தால் அந்த இடம் பொத்தலாகும். சிமென்டோடு ஃபெவிகால் கலந்தால் பிடிக்கும் என்பதும் கேட்கிற யோசனைதான். வெள்ளைப் பசை ஈரம் பட்டால் மறுபடி இளகும். குளியலறைக்கு ஆகாது.

வலது டைல் முதலில். திறந்த ஓரம் அங்கேதான், பிசகினால் தெரியும். பிறகு இடது டைல். மேல் இரண்டும் உட்கார்ந்ததும் முன்பட்டையும் வலது பட்டையும் அடியில் சொருகி, காகித டேப்பால் மேல் டைலோடு இழுத்துக் கட்டி 24 மணி நேரம் விட வேண்டும். சுவர்ப் பட்டைகளை மேல் டைலின் மீது 2 மி.மீ. ஸ்பேசர் வைத்து நிறுத்தவும், பசை அந்த இடைவெளிக்குள் இறங்கினால் காயும் முன் தீக்குச்சியால் சுரண்டி எடுக்கவும்.

கிரௌட்டும் சிலிக்கானும்

இவ்வளவு சின்ன வேலைக்கு சாதாரண சிமென்ட் கிரௌட் போதாதா என்று கேட்டால், தரைக்குப் போதும். முகம் கழுவும் இடத்தில் மஞ்சள், மருதாணி, தலைச்சாயம் எல்லாம் விழும், சிமென்ட் கிரௌட் ஒன்றையும் மறக்காது. எபாக்சிதான். மொத்தம் ஐந்தாறு மீட்டர் இணைப்பு, 2 மி.மீ. அகலம், ஆகவே 200 கிராம் இருந்தால் அதிகம். முழு டப்பாவையும் கலக்கினால் முக்கால் பங்கு வீண். சமையலறைத் தராசில் டப்பாவில் சொன்ன விகிதப்படி எடை போட்டே எடுக்கவும். கண் மதிப்பில் கலந்தால் சில இடம் கல்லாகும், சில இடம் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும், அதைச் சரி செய்ய வழியே இல்லை, சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

நிரப்பிய 20 நிமிடத்துக்குள் ஈர ஸ்க்ரப்பரால் வட்டமாகத் தேய்த்து, சுத்தமான பஞ்சால் துடைக்கவும். மேட் டைலில் எபாக்சியின் மெல்லிய படலம் கண்ணுக்கே தெரியாது, மறுநாள் எண்ணெய் பூசிய மாதிரி மினுக்கும். ஒருமுறைக்கு மூன்று முறை துடைப்பது தேவலாம்.

சுவர்ப் பட்டைக்கும் மேல் டைலுக்கும் நடுவிலுள்ள 2 மி.மீ., சுவர் மூலை, இவற்றில் எபாக்சி வேண்டாம். அங்கே சிலிக்கான். மேடையும் சுவரும் ஒன்றாக அசைவதில்லை, கெட்டியான எதுவும் அங்கே ஒரு வருடத்தில் முடி போல விரியும். கடையில் சிலிக்கான் என்று கேட்டால் வினிகர் வாசனை வரும் வகையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது உலரும்போது அசிட்டிக் அமிலம் விடும். டைலில் ஒட்டும், கீழே கடப்பா கல் படும் இடத்தில் சரியாகப் பிடிக்காது. மறுபடி அதே ஆசிட் கதை. குழலில் நியூட்ரல் என்று எழுதியிருக்க வேண்டும், பூஞ்சைத் தடுப்பு இருந்தால் இன்னும் நல்லது.

பேசினைத் திரும்ப வைக்கும் முன், டைலுக்கும் கல்லுக்கும் நடுவே ஓட்டையின் உள்ஓரத்தில் தெரியும் பசை விளிம்பை மீந்த எபாக்சியால் சுற்றிலும் பூசி மூடவும். பெரும்பாலோர் விட்டுவிடும் இடம் இது. விளிம்புக்கு அடியில் கசியும் தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான். பிறகு பேசின் விளிம்பின் அடியில் சிலிக்கானை ஒரு விரல் தடிமனுக்கு அறுபடாமல் சுற்றிப் போட்டு, நேராக இறக்கி அமுக்கவும். வெள்ளை சிமென்ட் வேண்டாம், அடுத்த முறை எடுக்கப் போகிறவர் வாழ்த்துவார். பிதுங்கியதை சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிடவும்.

பேசின் இப்போது பழைய உயரத்தை விட 12 மி.மீ. மேலே. பாட்டில் ட்ராப்பின் மேல் குழாயில் இந்த அளவு இழுத்துக்கொள்ள இடம் இருக்கும். கனெக்‌ஷன் பைப் 12 அங்குலமாக இருந்தால் விறைத்து நிற்கும், நட்டில் கசியும், அதனால்தான் 18. நிமிர்ந்து நிற்கும் குழாயான பில்லர் காக் பேசினிலேயே இருந்தால் மாற்றமில்லை. மேடைக் கல்லில் துளையிட்டு வைத்த காக் என்றால், 20 மி.மீ. கல்லோடு டைலும் பசையும் சேர்த்து 32 ஆகிறது, காக்கின் மரையில் நட்டு ஏற இடம் இருக்கிறதா என்று டைல் ஒட்டும் முன்பே பார்த்திருக்க வேண்டும். சுவரிலிருந்து நீளும் குழாயென்றால் அதன் வாய்க்கும் பேசினுக்கும் நடுவே கை நுழைகிறதா என்பதையும்.

சிலிக்கானுக்கு 24 மணி நேரம் தண்ணீர் காட்டாமல் விட்டு, கேட் வால்வை மெதுவாகத் திறக்கவும். பேசினை அடைத்து நிரப்பி, ஒரே மூச்சில் திறந்து விட்டால் கப்ளிங், ட்ராப் இரண்டும் ஒன்றாகச் சோதனையாகும். மேடை மேலேயும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் நிற்க விடவும். கீழே பெட்டிக்குள் முழுதும் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால் ஒரு சொட்டு விழுந்தாலும் வட்டம் தெரியும். வட்டம் ட்ராப்புக்கு நேர் கீழே என்றால் வாஷரை மாற்றிப் போட வேண்டும். பேசின் விளிம்பின் கோட்டில் என்றால் சிலிக்கான் எங்கோ அறுந்திருக்கிறது, பேசினைத் தூக்கி மறுபடி. இரண்டு நாள் தாள் காய்ந்தே கிடந்தால் பெட்டிக் கதவை மாட்டிவிடலாம்.